கொங்கில் வாழ்ந்த பொன்னி நாட்டுச் செல்வர்: அமரர் கல்கி

கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற திருத்தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருச்செங்கோடு, தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் எனப் போற்றப்பெறுவது. அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாய், பாகம் பிரியாத அர்த்தநாரீசுவரராய் மலைமேல் எழுந்தருளியிருக்க, அங்கேயே செங்கோட்டு வேலவரும் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்று விளங்குகின்றார். திருஞானசம்பந்தப் பெருமான் அடியார் கூட்டத்தோடு இத்தலத்தில் தங்கியிருந்த காலத்தில், பனிப்பருவத்து நளிர்சுரம் அடியார்களை வருத்திற்று. பெருமானார் திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயை நீக்கியருளினார் என்று பெரியபுராணம் கூறும். நோயுற்றோருக்கு இரங்குதலும் இறைவனைப் பாடுதலும் வேறு வேறு அல்ல என்பதை அன்றே கண்ட மண் இது.

இம்மலையின் அண்மையில், புதுப்பாளையம் என்னும் சிற்றூரில், 1928ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் ஓர் இளைஞர் வாழ்ந்தார். அன்று அவருக்கு வயது முப்பதை எட்டவில்லை. கதர் உடுத்து, குடிசையில் தங்கி, மதுவிலக்குக்காக ஒரு சிறு பத்திரிகையை நடத்துவதில் மூதறிஞர் இராஜாஜிக்குத் துணை நின்றார். திருக்கோயிற் சுவர்களில் கல்லெழுத்தாய் உறைந்து கிடந்த சோழப் பேரரசின் கதையைப் பின்னாளில் தமிழர் வீடுதோறும் கொண்டு சேர்க்கப் போகிறவர் இவரே என்று அந்நாளில் எவரும் எண்ணியிரார். அவர்தாம் ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயர் கொண்ட அமரர் கல்கி.

சோழ நாட்டிலே மாயூரத்துக்கு அணித்தான புத்தமங்கலம் என்னும் ஊரில், 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், இராமசாமி ஐயருக்கும் தையல்நாயகி அம்மையாருக்கும் மகவாக அவர் தோன்றினார். தந்தையார் அவ்வூர்க் கணக்குப்பிள்ளை. நஞ்சை இன்னது, புஞ்சை இன்னது, இன்ன நிலம் இன்னார் பேரில், இன்ன வாய்க்கால் இன்ன வயலுக்கு என்று எழுதி வைப்பதே அவர் தொழில். சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பெரும்பாலும் இத்தகைய கணக்குகளே அன்றோ! ஏனையோருக்குச் சலிப்பூட்டும் எல்லைகளும் அளவுகளும் பின்னாளில் கல்கிக்குச் சுவை தந்தமைக்கு அவர் பிறந்த வீட்டுச் சூழலும் ஒரு காரணமாதல் கூடும். வைத்தீசுவரன் கோயில் அம்பிகையின் திருநாமம் தாங்கிய அன்னையாரின் மடியில், காவிரிக் கரையில், கோயில் மணியோசை கேட்டு அவர் வளர்ந்தார்.

மாயூரத்திலும் திருச்சியிலும் பயின்றவர், 1921ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டதும், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்கிய வேளையில் பள்ளியை விட்டு வெளியேறினார். அத்தேர்வு எழுதியிருப்பின் சர்க்கார் உத்தியோகம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது சிறிய இழப்பு அன்று. 1922இல் ஓராண்டுச் சிறைவாசம் அவருக்குக் கிடைத்தது. பின்னர்த் திரு.வி.க. ஆசிரியராய் விளங்கிய நவசக்தியில் உதவியாசிரியராய் அமர்ந்து தமிழ் எழுதக் கற்றார். 1924இல் ருக்மிணி அம்மையாரை மணந்தார். 1927இல் சாரதையின் தந்திரம் என்னும் அவருடைய முதற் கதைத் தொகுதி வெளிவந்தது. அடுத்த ஆண்டு, பத்திரிகைத் தொழிலில் முன்னேறி வந்த அவ்வேளையிலேயே, சென்னையை விட்டுச் சேலம் ஜில்லாவின் வறண்ட சமவெளிக்கு வந்து சேர்ந்தார்.

அவரை அங்கே ஈர்த்தது காந்தி ஆசிரமம். சேலத்தில் புகழ் பெற்ற வக்கீலாயிருந்து, 1917 முதல் 1919 வரை அந்நகராண்மைத் தலைவராயும் பணியாற்றிய இராஜாஜி, வருமானம் மிக்க அத்தொழிலைத் துறந்து 1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்வாசிரமத்தைக் கண்டார். இதற்கு நிலம் உதவியவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் நிலம் எழுதி வைத்தல் இந்நாட்டுச் செல்வர்க்குப் பழகிய அறம். இராட்டைக்கும் நூலுக்கும் நிலம் அளித்தது அக்காலத்துக்குப் புதியது.

ஆசிரமத்தின் தொடக்க நாட்கள் இனியனவாக இருக்கவில்லை. அரிஜனங்களும் ஏனையோரும் அங்கே ஒன்றாய் வாழ்ந்து ஒன்றாய் உண்டமையால், சுற்றுப்புறத்தார் ஆசிரமத்தாரை ஒதுக்கி வைத்தனர். தெய்வ பக்தியில் இவ்வூரார் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் பக்தியும் ஒதுக்கலும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது. இதை மறைத்து எழுதுவது கல்கியின் வாழ்வுக்கு நேர்மையாகாது. மழை பொய்த்து வயல்கள் காய்ந்தபோது, பெண்டிர் நூற்ற நூலை ஆசிரமம் வாங்கிக் கொண்டு கூலி தந்தது. ஆசிரமத்து மருந்தகம் எல்லாச் சாதியாருக்கும் மருந்து கொடுத்தது. அதன்பின் ஒதுக்கல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. சம்பந்தப் பெருமான் சுரம் தீர்த்த தலத்தருகே மருந்துப் புட்டியோடு வந்தவர்களை மக்கள் நெடுங்காலம் வெறுத்தல் இயலுமா?

கல்கி அங்கே வந்தபோது ஆசிரமம் ஊரின் நன்மதிப்பைப் பெறத் தொடங்கியிருந்தது. 1929இல் இராஜாஜி தொடங்கிய விமோசனம் என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் துணையாசிரியப் பணி அவர்க்கு வாய்த்தது. கள்ளுக்கடையில் கூலியை இழந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் உழவன், இருளில் அடுப்பு மூட்டாது காத்திருக்கும் மனைவி, பசித்துறங்கும் பிள்ளைகள் ஆகியோரே இப்பத்திரிகையின் பொருள். இலக்கியச் சுவைஞருக்கு எழுதும் நடை இங்கே பயன்படாது. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் திண்ணைக்கு ஏற்ற நடை வேண்டும். வாக்கியம் நாவில் தடுக்கக் கூடாது. கேட்பவன் அடுத்து என்ன என்று வினவ வேண்டும். நகைக்க வைத்து, நகைப்பின் நடுவே நெஞ்சில் தைக்க வேண்டும். கல்கியின் நடை தெளிவுற்றமைக்கு நவசக்தியையும் ஆனந்த விகடனையும் காரணமாகக் காட்டுவோர் பலர். திருச்செங்கோட்டுச் சமவெளியில் கழித்த இம்மூன்றாண்டுகளையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். எழுத்தறியாத வாசகரை மனத்திற் கொண்டு எழுதிய பயிற்சி, பின்னாளில் ஐந்து பாகங்கள் கொண்ட பெருங்கதையைப் பாட்டிமாரும் சிறுவரும் கூடிக் கேட்கும்படி செய்தது.

இன்னும் ஒன்று. பொன்னி நதி கடலை நெருங்கிப் பல கிளையாய் விரியும் நாட்டில் பிறந்தவர் அவர். அந்நதி மலையிலிருந்து இறங்கிப் பாயும் பக்கத்தை அவர் கொங்கிலே கண்டார். மேட்டூரில் பேரணை எழும்பிக் கொண்டிருந்த காலம் அது. 1925இல் தொடங்கிய பணி 1934இல் நிறைவேறியது. பள்ளிபாளையத்தையும் பரமத்தி வேலூரையும் மோகனூரையும் தழுவி ஓடும் அதே நீர்தான் திருவையாற்றுக்கும் மாயூரத்துக்கும் செல்கிறது. ஆடிப் பதினெட்டன்று மோகனூர்ப் படித்துறையில் காவிரித் தாயை வணங்கும் பெண்டிரும், சோழ நாட்டுப் படித்துறைகளில் காதோலை கருகமணி விடும் பெண்டிரும் ஒரே வழிபாட்டினர். பொன்னியின் செல்வன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நன்னாளில் தொடங்குகின்றது என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. இராஜாஜி வேதாரணியத்துக்கு யாத்திரை நடத்திச் சிறை புகுந்தார். கல்கியும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டு ஆறு மாதம் சிறையில் இருந்தார். வெளிவந்தபின் எஸ்.எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடனில் பொறுப்பேற்று, அதனைத் தமிழ்நாடெங்கும் பரப்பினார். கல்கி என்னும் புனைபெயரை அதற்கு முன்பே சூடிக் கொண்டார். திருமாலின் பத்தாம் அவதாரத்தின் பெயர் அது. பழைய குப்பைகளைக் களைந்து புதுயுகம் காணும் வேட்கையால் பூண்டது என்பர். ஆசிரியர் கல்யாணசுந்தரனார் பெயரின் முதலெழுத்துக்களோடு கிருஷ்ணமூர்த்தியின் முதலெழுத்தைச் சேர்த்தது என்பாரும் உளர். விகடனில் கர்நாடகம் என்னும் மற்றொரு பெயரில் இசைக் கச்சேரிகளுக்கு விமரிசனமும் எழுதினார்.

இராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியானதும், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது சேலம் ஜில்லாவிலேயே. விமோசனத்தின் சின்னஞ்சிறு ஏடுகள் அன்று பலன் கண்டன எனலாம்.

அடுத்த ஆண்டு கல்கி எழுதத் தொடங்கிய தியாகபூமி என்னும் நாவலை அடியார்கள் கருதிப் பார்த்தல் நன்று. அதன் தலைமகன் சம்பு சாஸ்திரி, அம்பிகை உபாசனையில் தோய்ந்த வைதிகர். பெரும்புயலில் வீடிழந்து தவிக்கும் அரிஜனங்களுக்குத் தம் இல்லத்தில் இடமளிக்கிறார். அதன் பொருட்டு அக்கிரகாரத்தார் அவரை விலக்கி வைக்கின்றனர். புதுப்பாளையத்து ஒதுக்கலை அறிந்தவர் எழுதிய கதை இது என்பதை அறியும்போது அதன் வலிமை இரட்டிக்கிறது. கல்கி பக்தியை இகழவில்லை. சம்பு சாஸ்திரியின் பூஜையை அவர் எள்ளளவும் கேலி செய்யவில்லை. அப்பூஜையே அவரை ஏழைக்குக் கதவு திறக்கச் செய்தது என்று காட்டினார். இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதனை 1939இல் திரைப்படமாக்கினார். ஆங்கில அரசு பின்னர் அதற்குத் தடை விதித்தது. மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் அரிஜனங்கள் முதன்முதல் நுழைந்து வழிபட்டதும் அதே 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாளே. திருக்கோயில்களின் கதவுகள் எல்லார்க்கும் திறப்பதை எதிர்த்தோர் பலராயிருந்த அந்நாளில், பல்லாயிரம் வீடுகளின் கூடத்துக்குள்ளே சென்று வாதிட்டது கல்கியின் எழுதுகோல்.

1941இல் அவர் மீண்டும் ஒருமுறை நிலையான வாழ்வைத் துறந்தார். விகடன் ஆசிரியப் பதவியை விட்டுத் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்று மாதம் சிறை சென்றார். மீண்டு வந்தபோது கையில் பத்திரிகையும் இல்லை, பணமும் இல்லை. சிறை நண்பராகிய டி. சதாசிவம் துணை நின்றார். சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார், சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் முதலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் கல்கி என்னும் பெயராலேயே புதிய பத்திரிகை பிறந்தது. தேவாரமும் திருவாசகமும் ஏனைத் தமிழ்ப் பாடல்களும் இசையரங்கில் உரிய இடம் பெற வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்துக்கு அப்பத்திரிகை ஓயாத துணையாயிற்று. எட்டயபுரத்தில் பாரதியாருக்கு ஒரு மணிமண்டபம் எழுப்ப வேண்டும் என்று வாசகரை வேண்டினார். பெருஞ்செல்வர் சிலர் மட்டுமன்றிச் சிறு தொகை அனுப்பிய எளியோரும் திரண்டமையால் அம்மண்டபம் எழுந்து, 1947ஆம் ஆண்டு அக்டோபரில் இராஜாஜியால் திறந்து வைக்கப்பெற்றது. திருப்பணிக்குப் பொருள் திரட்டி இடர்ப்பட்டவர்க்கே அதன் அருமை விளங்கும்.

இனி அவருடைய சரித்திரக் கதைகளைக் காண்போம். மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் முதலிய அன்பர்களோடு அமர்ந்திருந்தபோது தோன்றிய கனவு, பல ஆண்டுகள் கழித்து, 1944 முதல் 1946 வரை சிவகாமியின் சபதமாய் வெளிவந்தது. அதற்கு முன்பே பார்த்திபன் கனவு வந்துவிட்டது. இவ்விரண்டும் பல்லவர் காலத்தன. குகைக் கோயில்களைக் குடைந்த மகேந்திரவர்மரும், அவரை மனம் மாற்றிய திருநாவுக்கரசரும் சிவகாமியின் சபதத்தில் உலவுகின்றனர். அப்பர் சுவாமிகளைக் கதாபாத்திரமாக்குவது எளிதன்று. அடியாரை அற்புதச் செயல்களால் மட்டும் காட்டிவிடும் ஆபத்து உண்டு. கல்கி அவரைக் கனிந்த முதியவராய், பிறர் துயருக்கு இரங்குபவராய்க் காட்டியது அடியார்களுக்கு நிறைவளித்தது.

அவர் புகழின் உச்சி பொன்னியின் செல்வன். 1950ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954 மே வரை, வாரந்தோறும் மணியம் அவர்களின் சித்திரங்களோடு கல்கி இதழில் வெளிவந்தது. புதுவெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள். இதற்காக மணியத்தோடு இலங்கைக்கும் சென்று பழைய தலைநகரங்களைக் கண்டு வந்தார். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் அவர் கைந்நூல்கள். இவ்விரு பேரறிஞரும் தம் வரலாற்றை எங்கிருந்து எடுத்தனர்? பெரும்பாலும் திருக்கோயிற் சுவர்களிலிருந்தே. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விட்டவர், திருப்பதிகம் பாடுவோர்க்கு நெல் அளந்தவர், திருநந்தவனத்துக்கு நிலம் கொடுத்தவர் என அறம் செய்தோரைக் குறித்துக் கொண்டே சென்ற கல்வெட்டுக்கள்தாம், இன்ன அரசன் இன்ன ஆண்டில் ஆண்டான், இன்னாள் இன்னாருக்கு மனைவி என்பவற்றையும் உடன் சொல்லிச் சென்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவைப் பிராட்டியார் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டு, அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி எனக் குறிக்கின்றது. அக்கல்லெழுத்திலே வெறும் பெயராய் நின்ற வந்தியத்தேவரைத்தான் கல்கி குதிரைமேல் ஏற்றி வீரநாராயண ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவ்வேரிக்கரை வெறும் அழகுக்காகத் தேர்ந்த இடம் அன்று. ஏரிக்கு அணித்தே காட்டுமன்னார்கோயில், வைணவப் பெருந்தகை நாதமுனிகள் தோன்றிய ஊர். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் திருக்கோயிலில் இராஜராஜ சோழரின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தார், சோழ இளவரசர் ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகள் என்றும், அவர்களும் அவர்தம் உறவினரும் உடைமை இழந்தனர் என்றும் அது தெரிவிக்கின்றது. ஏன் கொன்றனர், எவர் தூண்டினர் என்பது பற்றி அக்கல் வாய் திறக்கவில்லை. அம்மௌனத்தின் மேல்தான் ஐந்து பாகக் கதையும் கட்டப்பெற்றது. கதை முடிவிலும் கல்கி கொலைப்பழியை ஒருவர் தலைமேல் ஐயமற ஏற்றவில்லை. முடிச்சு அவிழவில்லை என்று வாசகர் பலர் வருந்தினர். ஆயினும் கல் சொல்லாததை உறுதியாய்ச் சொல்ல அவர் மனம் ஒருப்படவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

கதையின் பெயரும் முடிவும் அருள்மொழிவர்மரின் தியாகத்தைச் சுற்றி அமைகின்றன. மக்கள் வேண்டியும் தம் சிறிய தந்தையார் உத்தம சோழர் அரசை விரும்பியமையால் அருள்மொழிவர்மர் அதை அப்போது ஏற்கவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு காத்திருந்து 985இல்தான் அவர் முடிசூடினார். 1010ஆம் ஆண்டில் தஞ்சையில் இராஜராஜேச்சரம் நிறைவெய்தியபோது, தாம் கொடுத்தனவும், தம் அக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டுக என்று ஆணையிட்டார். பிறர் கொடையையும் தம் கொடையோடு ஒக்க எழுதுவித்த அப்பண்பையே கல்கி தம் கதாநாயகரின் இளமையிலும் தேடிக் கண்டார்.

கொங்கு நாட்டு அன்பர்க்கு இக்கதையில் உறவு முறையாய் அமைந்தவர் ஒருவர் உளர். அவர் செம்பியன் மாதேவியார். மழவரையர் மகளார் என்று கல்வெட்டுக்கள் அவரைப் பாராட்டும். மழவர் என்னும் பெயர் கொல்லிமலையோடு பண்டே பிணைந்தது. சம்பந்தப் பெருமான் திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் நோய் தீர்த்தது கொல்லி மழவன் மகளுக்கே. அம்மழவர் பெயர் தாங்கிய குடியிற் பிறந்து, தில்லைப் பெருமானுக்குத் திருவிசைப்பா பாடிய கண்டராதித்த சோழரை மணந்து, இளமையிலேயே கைம்மை எய்தியவர் அப்பெருமாட்டி. நெடுங்காலம் வாழ்ந்து, செங்கல்லாலாகிய பழங்கோயில்களைக் கற்றளிகளாக மாற்றுவதையே தம் வாழ்வாக்கிக் கொண்டார். திருநல்லம் எனப்படும் கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தைப் பூசிப்பதாகச் சிற்பமும் அமைத்தார். விருத்தாசலம், திருத்துருத்தி, திருவாரூர் எனப் பல தலங்களில் அவர் திருப்பணி விளங்குகின்றது.

திருக்கோடிகாவலில் அவர் செய்த செயல் ஒன்று திருப்பணி செய்வோர் அனைவரும் அறியத்தக்கது. பழைய கோயிலைப் பிரித்துக் கருங்கல்லால் எடுப்பிக்கும்போது, அங்கங்கே கற்களில் இருந்த முன்னோர் கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அவை பல்லவர் காலத்தும் முற்சோழர் காலத்தும் எளிய மனிதர் கொடுத்த கொடைகள். பேரரசியார் எடுப்பித்த கோயிலில் தம் பெயர் மட்டும் நின்றாற் போதும் என்று அவர் எண்ணவில்லை. என்றோ ஒரு விளக்குக்குப் பொன் கொடுத்த யாரோ ஒருவரின் பெயரும் அழிந்துவிடலாகாது என்று கருதினார். திருப்பணி என்ற பெயரால் பழங்கல்வெட்டுக்களின் மேல் சுண்ணமும் சாந்தும் பூசி மறைத்த இடங்கள் பின்னாளில் எத்தனை! அவற்றை நினைக்கும்போது ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அப்பெருமாட்டியின் கவனம் வியப்பளிக்கின்றது. பொன்னியின் செல்வனில் அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கிடையே, வெண்ணீறணிந்து, கோயில் கட்டும் சிற்பிகளோடும் தேவாரம் ஓதுவாரோடும் அளவளாவும் பெரிய பிராட்டியாராய் அவர் தோன்றும்போது, வாசகரின் மனம் தானே அடங்குகிறது.

அவர் திறத்தில் கல்கி எடுத்துக் கொண்ட உரிமை ஒன்றையும் சொல்லவே வேண்டும். கதையில், பூமாலை தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதனே அவர் பெற்ற உண்மை மகன். அரசிளங்குமரனாய் வளர்ந்தவன் வேறொருவன். இது முழுதும் கற்பனை. உத்தம சோழர் செம்பியன் மாதேவியாரின் திருவயிற்றில் உதித்து அவர் கையிலேயே வளர்ந்தவர் என்பதில் வரலாற்றாசிரியர்க்கு ஐயமில்லை. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் மனத்திற் பிறந்தவர்களே. எவை சரித்திரம், எவை கற்பனை என்பதைக் கல்கியே வாசகர்க்குப் பல இடங்களில் எடுத்துரைத்தார். கேட்டவர் மறந்தமைக்கு அவர் பொறுப்பாகார். ஆயினும் அரியணைக்குப் பிறந்தவனைத் திருநந்தவனத்தில் வளர்த்து, பூத்தொடுக்கும் கையே முடிசூடத் தக்கது என்று அமைத்த அக்கற்பனையில், புதுப்பாளையத்துக் குடிசையில் வாழ்ந்தவரின் நெஞ்சம் தெரிகின்றது.

பொன்னியின் செல்வன் முடிந்தபோது கல்கியின் உடல் நலிந்திருந்தது. அமரதாரா என்னும் நாவலைத் தொடங்கினார். அது நிறைவுறுமுன், 1954ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் இறைவன் திருவடி எய்தினார். அவர் புதல்வியார் ஆனந்தி அந்நாவலை முற்றுவித்தார். அலை ஓசை என்னும் நாவலுக்காக 1956இல் சாகித்ய அகாடமி பரிசு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது. பிறந்த நூற்றாண்டாகிய 1999இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதன்பின் மலிவு விலைப் பதிப்புக்கள் பல தோன்றி, பொன்னியின் செல்வன் சிற்றூர்களின் நூலகங்களிலும் இடம் பெற்றது. 2022லும் 2023லும் மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகத் திரைப்படமாயும் அது வெளிவந்தது.

அவர் கதையைப் படித்தோர் இன்றும் வீராணத்து ஏரிக்கரைக்கும் கோனேரிராஜபுரத்துக்கும் வண்டி கட்டாத குறையாய்ப் புறப்பட்டுச் செல்கின்றனர். உடையார்குடிக் கோயிலுக்குச் செல்வோர் முதலில் அனந்தீசுவரரைத் தரிசித்து அர்ச்சனை செய்கின்றனர். பின்பு வெளிச் சுவரருகே சென்று, விளக்கு வைத்தவரும் நிலம் கொடுத்தவரும் நிரம்பிய அக்கல்லெழுத்துக்களுக்கிடையே, ரவிதாசன் என்னும் பெயர் எந்த வரியில் உள்ளது என்று விரலால் தடவித் தேடுகின்றனர்.